சமூகவியலா, மானிடவியலா: தமிழ் வழியில் படித்தவர் கேட்ட கேள்விக்கு ஒரு விடை

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மதுரைக்கு வந்து பி.ஏ. வரலாறு இறுதியாண்டு படிக்கிறீர்கள். பள்ளியும் கல்லூரியும் தமிழ் வழி. எம்.ஏ.வுக்குச் சமூகவியல் எடுப்பதா, மானிடவியல் எடுப்பதா, இரண்டுக்கும் என்ன வேறுபாடு, எது எளிது, எதற்கு வேலை என்று நான்கு கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். ஆனால், வீட்டில் இன்னும் இரண்டு ஆண்டு படிக்கவைப்பதே பெரிய காரியம் என்று கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான் மற்ற நான்கையும் கேட்கவைத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அந்த இரண்டு ஆண்டு வீணாகாதா, தன்னைப் போன்ற ஒருவரால் அந்த வகுப்பில் ஈடுகொடுக்க முடியுமா என்பதையே நீங்கள் கேட்டிருப்பதாக எடுத்துக்கொண்டு விடை எழுதுகிறேன். நான் சமூகவியல் படித்து, கண்மாய்ப் பாசன ஊர்களில் களப்பணி செய்து, பின்னர் கல்லூரியில் 22 ஆண்டுகள் அதே பாடத்தை நடத்தியவன். மானிடவியலின் பண்பாட்டுப் பகுதியோடு எனக்கு நெருங்கிய பழக்கம் உண்டு. எலும்பும் மரபணுவும் சார்ந்த பகுதியை அடுத்த துறையில் இருந்தவர்கள் வழியாக அறிந்தவன் மட்டுமே. அதைப் பற்றி நான் சொல்வதை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே விலக்கிவிட வேண்டும். என்னிடம் சமூகவியல் பற்றிக் கேட்டு வந்தவர்களில் பாதிப் பேர் உண்மையில் சமூகப் பணி படிப்பைத்தான் மனத்தில் வைத்திருந்தார்கள். சமூகப் பணி என்பது எம்.எஸ்.டபிள்யூ. என்று வழங்கும் தொழிற்படிப்பு. மருத்துவமனை, தொழிற்சாலை, குழந்தைகள் இல்லம், தொண்டு நிறுவனம் ஆகியவற்றில் மக்களோடு நேரடியாகப் பணிசெய்யப் பயிற்றுவிப்பது. சமூகவியலும் மானிடவியலும் அப்படிப்பட்டவை அல்ல. ஒரு வழக்கம் ஏன் அப்படி இருக்கிறது, யாருக்கு அது வசதி, யார் அதைக் காப்பாற்றுகிறார்கள், எப்போது அது உடைகிறது என்று கேட்பவை. ஊருக்கு நல்லது செய்ய வேண்டும் என்ற ஒரே நோக்கத்தோடு வருகிறவருக்கு இந்தக் கேள்விகள் சில மாதங்களில் சலித்துப்போகும். அப்படிச் சலித்துப்போய் முதல் பருவத்திலேயே விலகிய நல்ல மாணவர்களை நான் பார்த்திருக்கிறேன், எம்.எஸ்.டபிள்யூ.வில் சேர்ந்திருந்தால் அவர்கள் மலர்ந்திருப்பார்கள்.

இனி வேறுபாட்டுக்கு வருகிறேன். நவீனத் தொழிற் சமூகங்களை ஆராய்வது சமூகவியல், எழுத்தறியாத சிறு குழுக்களையும் பழங்குடிகளையும் ஆராய்வது மானிடவியல் என்று வழிகாட்டி நூல்களில் படித்திருப்பீர்கள். ஐரோப்பாவின் 19ஆம் நூற்றாண்டுக்கு அது ஓரளவு பொருந்தும். இந்தியாவுக்கு ஒருபோதும் பொருந்தியதில்லை. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1919-இல் சமூகவியல் துறை தொடங்கியபோது அதற்குத் தலைமையேற்ற பாட்ரிக் கெடிஸ் நகரமைப்பு வல்லுநர். 1924-இல் அவருக்குப் பின் வந்த கோவிந்த் சதாசிவ் குர்யே, கேம்பிரிட்ஜில் டபிள்யூ.எச்.ஆர். ரிவர்ஸிடம் பயின்றவர், அந்த ரிவர்ஸ் நம் நீலகிரியில் தோடர்களிடையே 1901-02-இல் தங்கி, 1906-இல் அவர்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய மானிடவியலாளர். குர்யேயின் மாணவர் எம்.என். சீனிவாஸ் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய் மானிடவியல் பயின்றுவந்து, 1959-இல் தில்லிப் பொருளியல் பள்ளியில் தொடங்கிய துறைக்குச் சமூகவியல் என்று பெயரிட்டு, அதில் கிராமத்தில் தங்கிச் செய்யும் ஆய்வையே முதுகெலும்பாக வைத்தார். ஆக, இந்தியச் சமூகவியலின் முன்னோர்களில் பெரும்பாலோர் பயிற்சியால் மானிடவியலாளர்கள். இன்று நீங்கள் எந்தச் சமூகவியல் துறையில் சேர்ந்தாலும் சாதி, உறவுமுறை, சடங்கு, கிராமம் ஆகியவற்றைப் பற்றிப் படிக்கப் போவது மானிடவியலாளர்கள் எழுதியதைத்தான்.

அப்படியானால் வேறுபாடே இல்லையா என்றால், பாடத்திட்டத்தில் இருக்கிறது. அதுவும் கணிசமாக இருக்கிறது. இந்திய மானிடவியல் துறைகள் மனிதனை உடலாகவும் பண்பாடாகவும் சேர்த்துப் பார்க்கும் பழைய மரபைக் கைவிடவில்லை. ஆகவே மனிதப் படிமலர்ச்சி (பரிணாமம்), மரபியல், உடல் வளர்ச்சி, தொல்பழங்காலக் கற்கருவிகள் ஆகியவையும் அங்கே பாடம். மண்டையோட்டை அளவுகோல் வைத்து அளப்பதும், இரத்த வகைகளின் பரவலைக் கணக்கிடுவதும் செய்முறை வகுப்பில் வரும். சமூகவியலில் இவை எதுவும் இராது. அதற்கு மாறாக மார்க்ஸ், வேபர், தர்க்கைம் முதலியோரின் கோட்பாடுகளும், புள்ளியியலும், நகரம், தொழில், கல்வி, மக்கள்தொகை பற்றிய தாள்களும் நிறைந்திருக்கும். உங்கள் நான்கு கேள்விகளில் ‘எது எளிது’ என்பதற்கு இதற்குள்ளேயே விடை இருக்கிறது. பள்ளியில் உயிரியல் பிடித்திருந்தால் மானிடவியலின் முதல் ஆண்டு உங்களுக்குச் சுமையாக இராது. பத்தாம் வகுப்போடு அறிவியலுக்கு விடைகொடுத்துவிட்டு வந்தவருக்கு மரபியல் தாள் ஒரு மதிலாக நிற்கலாம். அதே சமயம், சமூகவியலின் கோட்பாட்டுத் தாள்கள் சொல்லாடலால் அச்சுறுத்துபவை. வரலாறு படித்த உங்களுக்கு அந்த அச்சம் சற்றுக் குறைவாக இருக்கும், ஏனெனில் தொழிற்புரட்சியும் பிரெஞ்சுப் புரட்சியும் என்ன என்று தெரியாமல் அந்த மூவரையும் படிப்பதுதான் கடினம்.

உங்கள் வட்டாரத்தைக் குறிப்பிட்டதால் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இந்தப் படிப்புக்கு உங்கள் மண்ணில் ஒரு பழைய கணக்கு இருக்கிறது, அது முழுதும் பெருமைக்குரியதன்று. சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்கர் தர்ஸ்டன், மக்களின் மூக்கையும் தலையையும் அளந்து, ரங்காச்சாரியின் துணையோடு தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909-இல் ஏழு தொகுதிகள் வெளியிட்டார். இன்னின்ன சாதிக்கு இன்னின்ன இயல்பு என்று மனிதர்களைப் பட்டியலில் அடைத்த அந்தக் காலத்துச் சிந்தனைதான், சில சமூகங்களைப் பிறப்பாலேயே குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கும் அடியில் இருந்தது. 1871-இல் வடக்கே தொடங்கி 1911-இல் சென்னை மாகாணத்தையும் எட்டிய அந்தச் சட்டத்தை உங்கள் ஊர்ப் பெரியவர்கள் ரேகைச் சட்டம் என்றே சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதை எதிர்த்து நின்றவர்கள் மீது பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. சட்டம் இங்கே விலக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆன நிலையில், 1949-இல், பிரெஞ்சு மானிடவியலாளர் லூயி துய்மோன் மதுரைக்கு மேற்கே வந்து தங்கிப் பிரமலைக் கள்ளர் சமூகத்தின் உறவுமுறை, கோயில், குலப்பிரிவு ஆகியவற்றை எழுதினார். அந்த நூல் பிரெஞ்சில் 1957-இலும் ஆங்கிலத்தில் 1986-இலும் வந்தது. காவல் துறைப் பதிவேட்டில் குற்றவாளிகளாக எழுதப்பட்ட ஒரு சமூகம், அடுத்த தலைமுறையில் உலகெங்கும் மானிடவியல் மாணவர்கள் படிக்கும் நூலுக்குப் பொருளானது. இந்த இரண்டு எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதற்கு, அந்த வட்டாரத்திலிருந்து வரும் மாணவருக்கு இருக்கும் தகுதி வேறு யாருக்கும் இல்லை என்பது என் எண்ணம்.

இந்தப் படிப்பில் உண்மையில் என்னதான் கற்கிறோம் என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கினால் நன்றாக இருக்கும். உங்கள் அப்பாவின் அண்ணன் தம்பிகள் உங்களுக்குப் பெரியப்பா, சித்தப்பா. அம்மாவின் அக்காள் தங்கைகள் பெரியம்மா, சின்னம்மா. இவர்களுடைய பிள்ளைகள் எல்லோரும் உங்களுக்கு அண்ணன், தம்பி, அக்காள், தங்கை. ஆனால் அம்மாவின் உடன்பிறந்த ஆண் மாமா, அப்பாவின் உடன்பிறந்த பெண் அத்தை. அவர்களுடைய பிள்ளைகளை உடன்பிறப்பாகச் சொல்வதில்லை, அவர்கள் முறைகாரர்கள். இரத்த நெருக்கத்தில் சித்தப்பா மகளுக்கும் மாமன் மகளுக்கும் எந்த வேறுபாடும் இல்லை. ஒருத்தி தங்கை, ஒருத்தி கட்டிக்கொள்ளும் முறை. நமக்கு இதில் வியக்க ஒன்றுமில்லை. இதுகூடத் தெரியாதா என்றுதான் தோன்றும். லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்க வழக்கறிஞருக்கு இது பெருவியப்பாக இருந்தது. நியூயார்க் பகுதியின் செனெகா பழங்குடியினரிடம் தாம் கண்ட உறவுச்சொல் ஒழுங்கு, மதப்பணியாளர்கள் எழுதி அனுப்பிய தமிழ்ச் சொற்களிலும் இருப்பதைக் கண்டு, அமெரிக்கப் பழங்குடியினர் ஆசியாவிலிருந்து வந்ததற்கு இதுவே சான்று என்று 1871-இல் எழுதினார். அந்த வாதம் நிற்கவில்லை. உறவு தொலைவாகும்போது இரண்டு மொழிகளும் வகைப்படுத்தும் விதம் வேறு வேறு என்று பின்னால் தெரிந்தது. எனினும் உறவுமுறை ஆய்வு என்ற துறையே அந்த வியப்பிலிருந்துதான் பிறந்தது. துய்மோன் 1953-இல் இதையே வேறு கோணத்தில் பார்த்தார். மாமன் என்பவரை அம்மாவின் சகோதரர் என்று பார்ப்பதை விட்டு அப்பாவின் மைத்துனர் என்று பாருங்கள், திருமண உறவும் சொத்தைப் போலத் தலைமுறை தாண்டி இறங்குவது தெரியும் என்றார். இதை நான் முதன்முதலாக ஆங்கிலத்தில் படித்தபோது ஒரு வாரம் எதுவும் புரியவில்லை. பிறகு என் அக்காள் மகள் காதுகுத்துக்கு நான் சீர்த்தட்டு எடுத்துக்கொண்டு போன நாளில், மேளத்துக்கு நடுவே, சட்டென்று புரிந்தது. மாமனார் வீட்டுக்காரர்களையும் நாம் மாமா, அத்தை என்றுதானே அழைக்கிறோம். மணம் நடக்கும் முன்பே மொழி அந்த மணத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கிறது. தெரிந்ததையே தெரியாததைப் போல எடுத்து வைத்துக்கொண்டு கேள்வி கேட்பதுதான் இந்த இரண்டு பாடங்களின் அடிப்படைப் பயிற்சி. செய்முறை, மொய், பங்காளி வகையறா என்று நீங்கள் புழங்கி வளர்ந்ததெல்லாம் வகுப்பில் உங்களுக்கு முதலாகும். அதுவே கண்ணியும் ஆகும். எல்லாம் தெரியும் என்று நினைப்பவர் எதையும் குறிப்பேட்டில் எழுத மாட்டார்.

அந்தக் கண்ணியில் நானும் விழுந்தவன்தான். எம்.ஏ. ஆய்வேட்டுக்காகச் சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்ப் பாசனமுள்ள ஓர் ஊருக்குப் போனேன். அச்சடித்த வினாநிரலோடு வீடு வீடாக ஏறி, கண்மாய்த் தண்ணீர் எல்லோருக்கும் சமமாகக் கிடைக்கிறதா என்று கேட்டேன். ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றார்கள். முறை வைத்துத்தான் பாய்ச்சுகிறோம், இதில் என்ன வித்தியாசம் என்றார்கள். நானும் அட்டவணை போட்டு நெறியாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் தாளைத் திருப்பிக்கூடப் பார்க்காமல், நீர்ப்பாய்ச்சியோடு ஒரு முறையாவது இரவில் வயலுக்குப் போனாயா என்று கேட்டார். போகவில்லை. மறுபடி சென்று, மடையைத் திறக்கும் அந்தப் பெரியவரோடு ஒரு போகம் முழுதும் நடந்தேன். முறை இருந்தது உண்மைதான். ஆனால் தண்ணீர் நிறைந்திருந்த நாள்களில் ஒரு முறை, வற்றத் தொடங்கிய பிறகு வேறு முறை. வற்றிய நாள்களில் கடைமடைக்காரர்களின் முறை எப்போதும் நள்ளிரவுக்குப் பின்தான் வந்தது, அந்நேரத்தில் மேல்மடையில் யாரோ வாய்க்காலில் மண்வெட்டியை வைத்திருப்பார்கள். கடைமடையில் யார் யாருடைய நிலம் இருந்தது என்பதை நான் இங்கே எழுதத் தேவையில்லை, நீங்கள் ஊகித்துக்கொள்வீர்கள். கேள்விக்கு மக்கள் பொய் சொல்லவில்லை. எது முறை என்பதைச் சொன்னார்கள். எது நடக்கிறது என்பதைக் கூடவே இருந்துதான் பார்க்க வேண்டியிருந்தது. மானிடவியலில் பங்கேற்று உற்றுநோக்கல் என்று இதற்குப் பெயர். பிரோனிஸ்லாவ் மலினோவ்ஸ்கி முதல் உலகப் போர்க் காலத்தில் பசிபிக்கின் ட்ரோப்ரியண்ட் தீவுகளில் நீண்ட நாள் தங்கி, 1922-இல் வெளியிட்ட நூலால் இந்த முறைக்கு இலக்கணம் வகுத்தார். அவர் இறந்த பின் 1967-இல் அவருடைய சொந்த நாட்குறிப்பு வெளியானது. தாம் ஆராய்ந்த மக்களை அவர் உள்ளுக்குள் எவ்வளவு எரிச்சலோடு பார்த்தார் என்பது அதில் இருந்தது. இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்காமல் களப்பணி பற்றி யாரும் பேசக் கூடாது என்று நான் வகுப்பில் சொல்வதுண்டு.

களப்பணி எல்லாவற்றையும் காட்டிவிடும் என்றும் எண்ணிவிடாதீர்கள். யார் வீட்டில் தங்குகிறோம் என்பதே எதைப் பார்க்கிறோம் என்பதைப் பாதி தீர்மானித்துவிடுகிறது. சமூகவியலாளர் ஆந்த்ரே பெத்தேய் 1961-62-இல் தஞ்சை மாவட்டத்தில், ஸ்ரீபுரம் என்று புனைபெயர் சூட்டிய ஊரில், அக்கிரகாரத்து வீடொன்றில் தங்கி ஆய்வு செய்தார். அதனாலேயே ஆதிதிராவிடர் தெருவோடு தமக்குத் தாராளமான பழக்கம் அமையவில்லை என்பதை 1965-இல் வெளிவந்த தம் நூலில் அவரே ஒப்புக்கொண்டார். அதே தஞ்சையில் 1951 முதல் 1953 வரை இருந்த மானிடவியலாளர் கேத்லீன் காஃப், கூலி உழைப்பையும் நில உடைமையையும் மையமாக வைத்து எழுதிய சித்திரம் வேறு அழுத்தங்கள் கொண்டது. இருவரும் நேர்மையானவர்கள். பார்த்த இடமும் கேட்ட கேள்வியும் வேறாக இருந்தன. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: 1948-இல் மைசூருக்கு அருகே ஒரு கிராமத்தில் தங்கிச் சீனிவாஸ் திரட்டிய குறிப்புகளைச் செப்பனிட்டு வைத்திருந்த படிகள் அனைத்தும் 1970-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் நடந்த தீவைப்பில் எரிந்துபோயின. நினைவையே பெரிதும் நம்பி அவர் எழுதிய நூல் 1976-இல் வந்தது. எழுதியது எரிந்தும் நூல் வந்ததற்குக் காரணம், அவர் முதலில் ஒவ்வொரு நாளும் எழுதியவர் என்பதே. அன்றைய களக்குறிப்பை அன்றிரவே எழுதும் வழக்கம் இல்லாத மாணவர், எத்தனை கோட்பாடு படித்தாலும் இந்தத் துறையில் தேற மாட்டார்.

வகுப்பில் சொல்லப்படுவதில் எது உறுதி, எது இன்னும் விவாதத்தில் இருக்கிறது என்று பிரித்தறியாமல் பலர் தேர்வெழுதிவிட்டு வெளியேறுகிறார்கள். தேர்வு வழிகாட்டிகள் அந்த வேறுபாட்டை அழித்துவிடுகின்றன என்பது என் நெடுநாள் குறை. சாதி அகமணத்தால், அதாவது சாதிக்குள்ளேயே மணம் செய்வதால், நிலைநிற்கிறது என்பது உறுதியான செய்தி. அதை இந்தியர் ஒருவர் துறைசார்ந்த முறையில் தெளிவாக எடுத்துரைத்ததற்கு, 1916 மே மாதத்தில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானிடவியல் கருத்தரங்கில் அம்பேத்கர் படித்த கட்டுரை சான்று. ஆனால் சாதிப் படிநிலையின் உயிர்நாடி தூய்மை, தீட்டு என்ற எண்ணம்தான் என்று 1966-இல் துய்மோன் வாதிட்டது ஒரு கொள்கை, முடிந்த முடிபு அன்று. நிலமும் அதிகாரமும் எங்கே போயின என்று கேட்டவர்கள் உண்டு. கீழே வைக்கப்பட்டவர்கள் அந்தப் படிநிலையை உண்மையில் ஏற்றார்களா என்று கேட்டவர்களும் உண்டு. கீழே வைக்கப்பட்ட சாதிகள் மேல்சாதியாரின் வழக்கங்களை மேற்கொண்டு உயர முயல்வதைச் சொல்லும் சீனிவாஸின் சமஸ்கிருதமயமாக்கம் என்ற கருத்தும் அப்படித்தான். குடகிலும் மைசூரிலும் கண்டதை அது நன்றாக விளக்குகிறது. பிராமணரல்லாதார் இயக்கம் வேரூன்றிய தமிழ்நாட்டில் மேலெழுவதற்கு மக்கள் வேறு வழிகளையும் கண்டார்கள் என்பதால், அதை இங்கே அப்படியே ஒட்டவைக்க நான் தயங்குவேன். இந்தத் தயக்கத்தை விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் குறையுமா என்று மாணவர்கள் கேட்பார்கள். சில திருத்துநர்களிடம் குறையும். நல்ல துறையில் குறையாது.

மொழியைப் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. அதை நான் இனிப்புத் தடவி மறைக்கப் போவதில்லை. எம்.ஏ. வகுப்பின் வாசிப்பு பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அதுவும் மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பாக வரும் முறுக்கிய ஆங்கிலம். முதல் பருவத்தில் நீங்கள் திணறுவீர்கள், இரண்டாம் பருவத்தில் குறையும். பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு முன் கிடைக்கும் மாதங்களில், என்.சி.இ.ஆர்.டி. வெளியிட்டுள்ள 11, 12ஆம் வகுப்புச் சமூகவியல் பாடநூல்கள் நான்கையும் ஆங்கிலத்திலேயே படித்துவிடுங்கள். இணையத்தில் விலையின்றிக் கிடைக்கின்றன, நடை எளிது, பல எம்.ஏ. வகுப்புக் குறிப்புகளைவிடத் தரமானவை. இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் பாடப்பொதிகளும் அவ்வாறே கிடைக்கும். தமிழில் தொடங்க வேண்டுமானால் பக்தவத்சல பாரதியின் பண்பாட்டு மானிடவியல் என்ற நூல் இருக்கிறது. கலைச்சொற்களைத் தமிழில் அறிந்துகொண்டு ஆங்கிலத்துக்குப் போவது நல்ல வழி. பல்கலைக்கழகத்துக்கு வெளியேயும் தமிழிலேயே இந்த வேலை நடந்திருக்கிறது என்பதை அறிய, நா. வானமாமலையும் நெல்லை ஆய்வுக் குழுவினரும் செய்தவற்றைத் தேடிப் படியுங்கள். தமிழ் தெரிந்திருப்பதைக் குறையாக எண்ண வேண்டாம். ஈழத்தில் பிறந்த மானிடவியலாளர் வாலண்டைன் டேனியல், 1984-இல் வெளியிட்ட நூலில், ஊர் என்ற ஒரே சொல்லை வைத்து நீண்ட ஆராய்ச்சி செய்தார். உங்களுக்கு எந்த ஊர் என்று மதுரையில் கேட்டால் ஒரு விடை, சென்னையில் கேட்டால் வேறு விடை, வெளிநாட்டில் கேட்டால் இன்னொன்று. பேசுகிறவரை நடுவில் வைத்து அளக்கும் ஊருக்கும், அரசு எல்லை வரைந்த கிராமத்துக்கும் உள்ள வேறுபாடு அதிலிருந்து வெளிப்படுகிறது. இப்படிப்பட்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் உங்கள் வாயிலேயே இருக்கின்றன.

வேலை பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியவற்றை முதலில் சொல்கிறேன். கல்லூரி ஆசிரியராக எம்.ஏ.வில் 55 விழுக்காடும், மத்திய அரசின் இதர பிற்படுத்தப்பட்டோர், பட்டியல் பிரிவினருக்கு 50 விழுக்காடும் வேண்டும். அதற்கு மேல் நெட் (தேசியத் தகுதித் தேர்வு) அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு), இல்லையேல் முனைவர் பட்டம். நெட் தேர்வில் சமூகவியலுக்கும் மானிடவியலுக்கும் தனித்தனித் தாள்கள் உண்டு. வினாக்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும். அதில் இளநிலை ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றால் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் 37,000 ரூபாய் என்று 2023-இல் உயர்த்தினார்கள். வீட்டுக்குச் சுமையாகாமல் படிப்பைத் தொடர உங்களுக்கு இருக்கும் மிகத் தெளிவான வழி இதுதான். குடிமைப் பணித் தேர்வில் இரண்டு பாடங்களுமே விருப்பப் பாடப் பட்டியலில் இருக்கின்றன. முதன்மைத் தேர்வின் 1,750 மதிப்பெண்ணில் 500 அதற்கு. தமிழில் விடை எழுத உரிமை உண்டு. கேள்வித்தாள் தமிழில் வராது. இதற்காகவே எம்.ஏ. சேர்கிறவர்கள் இருக்கிறார்கள், அது தவறன்று. ஆனால் அந்தப் பாடத்திட்டமும் எம்.ஏ. பாடத்திட்டமும் ஒன்றல்ல என்பதை அறிந்து சேர வேண்டும். 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்கியதால் அத்தகைய ஆய்வுகளில் களப்பணியாளர் தேவை ஏற்பட்டது. சென்னை, பெங்களூரு ஆய்வு நிறுவனங்களிலும் சந்தை ஆய்வு, செயலி வடிவமைப்பு நிறுவனங்களிலும் மக்களோடு பேசி எழுதத் தெரிந்தவர்களை எடுக்கிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒப்பந்த வேலைகள். ஓராண்டு இருக்கும், அடுத்த ஆண்டு இராது. தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகளில் இந்தப் பாடங்கள் பரவலாக இல்லாததால், வரலாறு படித்த உங்களுக்கு இயல்பாகத் திறந்திருக்கும் பள்ளி ஆசிரியர் வாயில் இந்தப் பக்கம் திரும்பினால் குறுகிவிடும். வீட்டில் இதைச் சொல்லிவிட்டு முடிவெடுங்கள். ஒரு வழி உண்டு: முதுகலை வரலாற்றையும் விடாமல் தொலைநிலையில் பின்னால் முடித்துக்கொள்வது. என் மாணவர்கள் இருவர் அப்படிச் செய்து இன்று பள்ளியில் இருக்கிறார்கள். நிலையான வேலை மட்டுமே நோக்கம், அதுவும் உடனே வேண்டும் என்றால், இந்த இரண்டு பாடங்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

எடுப்பது என்று முடிவானால், பாடத்தின் பெயரைவிடத் துறையைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இரண்டு துறைகளும் இருக்கின்றன. புதுச்சேரியிலும் ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்திலும் அப்படியே. மத்தியப் பல்கலைக்கழகங்களுக்குத் தேசிய அளவிலான பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்பதால் அவற்றின் அறிவிக்கையை முன்கூட்டியே பார்த்துவையுங்கள். போவதற்கு முன் அந்தத் துறையில் படிக்கும் இரண்டாமாண்டு மாணவர் ஒருவரோடு பேசி மூன்று செய்திகளைக் கேளுங்கள்: களப்பணிக்கு எத்தனை நாள் வெளியூர் அனுப்புகிறார்கள், செலவை யார் ஏற்கிறார்கள், போன ஆண்டு எம்.ஏ. ஆய்வேடுகளின் தலைப்புகள் என்ன. தலைப்புகள் எல்லாம் ‘ஒரு சமூகவியல் ஆய்வு’ என்று முடிந்து, ஊரின் பெயர் மட்டும் மாறியிருந்தால், அங்கே வினாநிரலை நிரப்புவதைத் தாண்டி அதிகம் நடப்பதில்லை என்று பொருள். ஒரு மாதமாவது ஓர் ஊரில் தங்கவைக்கும் துறையாக இருந்தால் அதன் பெயர்ப்பலகையில் எந்தச் சொல் இருந்தாலும் சேரலாம். இடையில் உங்களால் இன்றே தொடங்கக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. உங்கள் அப்பத்தா இருந்தால் அவரிடம் உட்கார்ந்து, மூன்று தலைமுறைக்கு யார் யாரைக் கட்டினார்கள், எந்த ஊரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்த ஊருக்குக் கொடுத்தார்கள், யாருக்கு யார் என்ன செய்முறை செய்தார்கள் என்று வாங்கி எழுதுங்கள். ரிவர்ஸ் தோடர்களிடம் செய்த வேலையின் முதல் படி அதுதான். எழுதி முடித்த பிறகு அந்தத் தாளைப் பார்க்கும்போது உங்களுக்குக் கேள்விகள் எழுந்தால் எனக்கு எழுதுங்கள். எழவில்லையென்றாலும் எழுதுங்கள், வேறு படிப்பைப் பற்றிப் பேசலாம்.